சுவரின் வயது

சென்னை அண்ணா சாலையில் நின்று, ஆட்டோக்காரர் ஒருவரிடம் "ஓமந்தூரார் தோட்டம்" என்று சொல்லிப் பாருங்கள். மேற்கொண்டு ஒரு வார்த்தையும் கேட்காமல், அரசினர் தோட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். 2010-ஆம் ஆண்டில் சட்டசபைக்கென்று எழும்பி, பிறகு ஆஸ்பத்திரியாக உருமாறிய கட்டடம் அது. உள்ளே போகிறவர்களிலும் வருகிறவர்களிலும் எத்தனை பேருக்கு ஓமந்தூர் என்பது ஓர் ஊரின் பெயர் என்று தெரியுமோ! திண்டிவனத்துக்குப் பக்கத்தில், பழைய தென்னார்க்காடு ஜில்லாவில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது அந்தக் கிராமம். அங்கே 1895-ஆம் ஆண்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ராமசாமி ரெட்டியார். 1947 ஆகஸ்டு 15 அன்று தேசம் சுதந்திரம் அடைந்தபோது சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாக இருந்தவர் அவர்தான்.

அவர் பதவியில் இருந்தது இரண்டே ஆண்டு: 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை. அதற்குள் தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. இவற்றோடு 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தது. எந்த ஜாதியில் பிறந்த இந்துவும் ராஜதானியின் எந்தக் கோயிலுக்குள்ளும் போய்த் தெய்வத்தைக் கும்பிடலாம் என்று சட்டம் சொல்லிற்று. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாதய்யர் ஹரிஜன அன்பர்களை அழைத்துச் சென்றதிலிருந்து நடந்து வந்த ஒரு பெரிய காரியத்துக்கு அது சட்டத்தின் முத்திரை.

இத்தகைய சீர்திருத்தம் எது வந்தாலும் அதற்கு எதிராக ஒரே ஒரு வாதம்தான் எப்போதும் வரும். "இது அநாதி காலமாக வந்த ஏற்பாடு, இதில் கை வைக்கலாமா?" என்பது அது. அந்த வாதத்தைக் கேட்டு நாம் கோபிக்கலாம், சிரிக்கலாம். ஆனால் ஒரு கணக்குப் பிள்ளையைப் போல நிதானமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அதற்குள் இருக்கிறது. அநாதி காலம் என்றால் எத்தனை வருஷம்? மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவில் நிற்கும் அந்தச் சுவருக்கு என்ன வயது?

ரெட்டியார் காலத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் விடை சொல்லியிருக்க முடியாது. அவர் சட்டம் கொண்டுவந்த அதே 1947-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5-ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்து ஜான்பூர் ஜில்லாவில் கல்வாரி என்ற கிராமத்தில், ஒரு விவசாயி வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. விடை சொல்வதற்கு அந்தப் பிள்ளை வளர வேண்டியிருந்தது. அந்தக் கதைக்கு வருமுன் ஓமந்தூர் வட்டாரத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடுவோம். பழமை என்றால் என்ன என்று அறிய அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

திண்டிவனத்திலிருந்து அதிக தூரம் இல்லை திருவக்கரை. சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளியம்மனும் உள்ள ஊர். பௌர்ணமிதோறும் ஜனங்கள் திரள்வார்கள். கோயிலை விட்டுச் சற்று நடந்தால் செம்மண் மேட்டில் பெரிய மரங்கள் வெட்டிச் சாய்த்தாற்போலக் கிடக்கும். கிட்டே போய்த் தொட்டால் கல்! பட்டை தெரிகிறது, வளையம் தெரிகிறது, கிளை ஒடிந்த முண்டு தெரிகிறது, எல்லாம் கல். ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துக் கொண்டுவந்து மணலில் புதைத்த மரங்கள் அவை. மரம் மக்க மக்க, அதன் இடத்தில் மண்ணிலிருந்த சிலிக்காச் சத்து உட்கார்ந்து, அணு அணுவாக மரத்தின் உருவத்தைப் பிரதி எடுத்துவிட்டது. அந்த மரங்கள் நின்ற காலத்தில் மனிதன் என்ற ஜாதியே உலகத்தில் கிடையாது.

மனிதனின் சுவடு வேண்டுமானால் திண்டிவனத்திலிருந்து சென்னை செல்லும் பெருஞ்சாலையிலேயே போக வேண்டும். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, பல்லாவரத்தில், புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற துரை ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். சரளைக் கற்களுக்கு நடுவே அது மட்டும் இரண்டு பக்கமும் செதுக்கியிருந்தது. கைக்கோடரி! இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சி அந்தக் கல். டார்வின் தமது முதல் பெரிய நூலை வெளியிட்டு அப்போது நான்கு வருஷந்தான் ஆகியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் அவருடைய தோழர் கிங்கும், இன்று பூண்டி நீர்த்தேக்கம் இருக்கும் பகுதியில், அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகளைக் கண்டார்கள். அந்த அத்திரம்பாக்கத்தில் பின்னர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் பல்லாண்டுகள் பொறுமையாகத் தோண்டினார்கள். அடியிலுள்ள கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் அறிவித்தார்கள். அவற்றுக்கு மேலே கிடைத்த, வேலைப்பாடு மாறிய கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்குகின்றன என்று 2018-இல் அறிவித்தார்கள்.

ஆனால் கல்லிடம் ஒரு குறை உண்டு. தன்னைச் செய்தவன் யார் என்று அது சொல்லாது. 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் இனம் பிறந்திருக்கவில்லை. ஆகவே அந்தக் கருவியைச் செய்தது நமக்கு முந்திய ஒரு மனித வகை. அவர்களுடைய எலும்பு கிடைத்தால் தேவலை. நம் நாட்டில் அதுதான் கிடைக்க மாட்டேன் என்கிறது. நர்மதைக் கரையில் ஹத்நோரா என்ற இடத்தில் 1982-இல் அருண் சோனகியா ஒரு மண்டையோட்டின் மேற்பகுதியைக் கண்டெடுத்தார். நம் விழுப்புரம் பக்கத்திலேயே, புதுச்சேரியை ஒட்டிய பொம்மையார்பாளையத்தில், செம்பாறைக் கட்டிக்குள் ஒரு குழந்தையின் மண்டையோடு கல்லாக இருப்பதாகக் கேரளப் பல்கலைக்கழகத்து ராஜேந்திரனும் அவருடைய நண்பர்களும் 2003-இல் எழுதினார்கள். அதை விஞ்ஞான உலகம் இன்னும் ஒரு மனதாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை. கல் ஊமை, எலும்போ அருமை. இனி யாரைக் கேட்பது?

மூன்றாவது சாட்சி ஒன்று உண்டு. அதைத் தேடித் தோண்ட வேண்டாம். இந்த வரியைப் படிக்கும் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது அது. உயிரணு என்று பெயர்.

ஃபூட் கைக்கோடரியை எடுத்து ஆறு வருஷம் கழித்து, 1869-இல், ஜெர்மனியில் டூபிங்கன் நகரத்துப் பழைய கோட்டையில், மீஷர் என்ற ஸ்விஸ் இளைஞர் ஓர் அருவருப்பான வேலை செய்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து சீழ் படிந்த கட்டுத் துணிகளை வாங்கிவந்து, அவற்றைக் கழுவி, சீழிலிருந்த அணுக்களின் உட்கருவைப் பிரித்துப் பார்த்தார். அதுவரை யாரும் அறியாத ஒரு பொருள் அதில் இருந்தது. இன்று நாம் டி.என்.ஏ. என்று சொல்வது அதைத்தான். காயத்துச் சீழில் பரம்பரை ஏடு ஒளிந்துகொண்டிருந்தது!

உட்கருவுக்குள் இந்த ஏடு சுருள் சுருளாகக் கிடக்கிறது. அந்தச் சுருள்களுக்குக் குரோமோசோம் என்று பெயர். மனிதனுக்கு அவை எத்தனை? 1923-இல் பெயின்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எண்ணி 48 என்றார். அதன் பிறகு முப்பது வருஷம், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர்களெல்லாம் 48 என்றே எண்ணினார்கள். புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது! ஜாவாவில் பிறந்த ஜியோ என்பவர் ஸ்வீடனில் இருந்துகொண்டு, 1955 டிசம்பரில், புத்தகத்தை மறந்துவிட்டு எண்ணினார். 46 தான் வந்தது. அடுத்த ஆண்டு அவரும் லெவான் என்ற அறிஞரும் அதை வெளியிட்டார்கள். எல்லோரும் திரும்பிப் போய் எண்ணினார்கள். ஆமாம், 46 தான்! நம் கண் பார்ப்பதைவிட நம்பிக்கை பார்ப்பதே அதிகம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 48 உண்டு. நமக்கு இரண்டு குறைந்தது எப்படி? நம்முடைய இரண்டாவது குரோமோசோமை உற்றுப் பார்த்தபோது விடை கிடைத்தது. வாலில்லாக் குரங்குகளிடம் இரண்டாக இருப்பது நம்மிடம் ஒன்றாக ஒட்டியிருக்கிறது. ஒட்டுப் போட்ட இடத்தில் தழும்புகூட இருக்கிறது. கயிற்றில் முடிச்சு தெரிவது போல.

கல்வாரிக் கிராமத்துப் பிள்ளைக்கு வருவோம். அவர் பெயர் லால்ஜி சிங். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ராய் சௌத்ரி என்ற பேராசிரியரிடம் சேர்ந்து, பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பாம்பின் உயிரணுவில் ஆண் எது, பெண் எது என்று நிர்ணயிக்கும் குரோமோசோம் எப்படி உருவாயிற்று என்பது அவருடைய கேள்வி. 1974-இல் எடின்பரோவுக்குப் போய் 1987 வரை அதே கேள்வியோடு காலம் கழித்தார். பட்டை பட்டையாக வரியுள்ள கட்டுவிரியன் வகைப் பாம்பு ஒன்றின் பெண் குரோமோசோமில், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியதுபோல் ஓர் எழுத்து வரிசை இருப்பதைக் கண்டார். அதே வரிசையைச் சுண்டெலியில் தேடினார்; இருந்தது. மனிதனில் தேடினார், இருந்தது. பாம்பும் எலியும் மனிதனும் ஒரே பழைய ஏட்டின் பிரதிகள் என்பது அவருக்குப் புத்தக அறிவாக இல்லாமல், கையால் தொட்டறிந்த விஷயமாயிற்று.

1987-இல் தாய்நாடு திரும்பி ஹைதராபாத்திலுள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் சேர்ந்தார். திரும்பத் திரும்ப வரும் அந்த எழுத்து வரிசை ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. ஆகவே அதைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம் என்று காட்டினார். கைரேகைபோல் டி.என்.ஏ. ரேகை. தலைச்சேரி நீதிமன்றத்தில், ஒரு குழந்தைக்குத் தகப்பன் யார் என்ற வழக்கில், நிபுணர் சாட்சியாகக் கூண்டில் ஏறி நின்றார். பாம்பைப் பார்த்துத் தொடங்கிய ஆராய்ச்சி, ஒரு தாய்க்கு நியாயம் சொல்லப் பயன்பட்டது.

"இந்தக் குழந்தை யாருடையது?" என்று கேட்கத் தெரிந்தவருக்கு, "இந்த ஜனங்கள் யாருடைய சந்ததி?" என்று கேட்கத் தோன்றுவது இயற்கை. 1998 முதல் 2009 வரை அந்த மையத்தின் இயக்குநராக இருந்த லால்ஜி சிங்கும், அவரோடு வேலை செய்த குமாரசாமி தங்கராஜும் அந்தமானுக்குப் போனார்கள். அங்கே ஓங்கேகள், பெரிய அந்தமானியர் என்ற பழங்குடியினர் மிகச் சில பேரே எஞ்சியிருக்கிறார்கள். உயிரணுவில் உட்கருவுக்கு வெளியே, தாய் வழியில் மட்டுமே இறங்கிவரும் ஒரு சிறிய ஏடும் உண்டு. அதைப் படித்துப் பார்த்ததில், ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட நம் இனத்தின் முதல் அலைகளோடு 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் வந்து ஒதுங்கியவர்களின் வழி அவர்கள் என்று தெரிந்தது. 2005-இல் அதை வெளியிட்டார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் மதுரைக்கு மேற்கே கிராமங்களில் ரத்த மாதிரி சேகரித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒருவரிடம் அதே பழைய பயணத்தின் தந்தைவழி அடையாளம் கிடைத்தது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் காணப்படும் அடையாளம் அது. அந்தப் பயணம் நம் கரையோரமாகத்தான் போயிருக்க வேண்டும். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் போகும் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் செல்லும்போது எனக்கு அந்த நினைவு வருவதுண்டு.

சரி, முதலில் வந்தவர்களைக் கண்டாயிற்று. சுவர் எப்போது எழுந்தது?

2008 அக்டோபரில் ஹைதராபாத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அமெரிக்காவிலிருந்து டேவிட் ரைக் என்பவர் வந்திருந்தார். இந்திய ஜனங்களின் உயிரணு ஏட்டில் இரண்டு பழைய ஓடைகள் கலந்திருக்கின்றன என்று அவருடைய கணக்குச் சொல்லிற்று. ஒன்றை அவர் மேற்கு யூரேசியாவோடு சேர்த்துப் பெயரிட்டிருந்தார். லால்ஜி சிங்கும் தங்கராஜும் ஒப்பவில்லை. கலந்தது தெரிகிறது, யார் எங்கிருந்து எந்தத் திசையில் வந்தார்கள் என்பதற்கு அந்தக் கணக்கில் ஆதாரம் இல்லையே என்றார்கள். அந்தப் பெயர் இங்கே என்ன தீயை மூட்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தம் வாழ்நாளிலேயே அவ்வளவு இறுக்கமான கூட்டத்தில் இருந்ததில்லை என்று ரைக் பின்னர் தம் புத்தகத்தில் எழுதினார். முடிவில், தொல் வட இந்தியர், தொல் தென்னிந்தியர் என்று இரண்டு புதுப் பெயர்களில் சமாதானமாயிற்று. 2009-இல் கட்டுரை வெளிவந்தது. பிறகு 2019-இல் பழைய எலும்புகளின் டி.என்.ஏ.வையும் படித்தபோது, ஓடைகள் இரண்டுக்கும் மேல் என்று தெரிந்தது. பெயர்கள் இன்னும் மாறலாம். ஆனால் முக்கியமான செய்தி மாறவில்லை. வடக்கோ தெற்கோ, உயர்வென்று சொல்லிக்கொள்ளும் ஜாதியோ தாழ்வென்று ஒதுக்கப்பட்ட ஜாதியோ, ஆராய்ந்த பிரதான நிலக் கூட்டம் ஒவ்வொன்றும் கலப்புதான். விகிதத்தில் கூடுதல் குறைச்சல் உண்டு. கலப்பே இல்லாதது என்று ஒன்று இல்லை.

எப்போது கலந்தார்கள்? 2013-இல் பிரியா மூர்ஜானி, தங்கராஜ், லால்ஜி சிங், ரைக் முதலியோர் 73 கூட்டங்களை ஆராய்ந்து இதற்கும் விடை சொன்னார்கள். அவர்கள் கண்ட வழியைச் சீட்டுக்கட்டு ஆடுகிறவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரு சிவப்புக் கட்டையும் ஒரு கறுப்புக் கட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கலையுங்கள். ஒரு தடவை கலைத்தால் சிவப்பு பத்து, கறுப்பு எட்டு என்று நீளமான வரிசைகள் இருக்கும். பல தடவை கலைத்தால் வரிசைகள் துண்டு துண்டாகும். அறைக்குள் பிறகு வருகிறவன், துண்டுகளின் நீளத்தைப் பார்த்து, எத்தனை தடவை கலைத்தார்கள் என்று ஊகிக்கலாம். உயிரணு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு தடவை தன் ஏட்டைக் கலைத்துக்கொள்கிறது. அந்தத் துண்டுகளை அளந்து பார்த்ததில், கலப்பு நடந்த காலம் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை என்று வந்தது. அதற்குப் பிறகு புதிய சீட்டு மிகக் குறைவாகவே உள்ளே வந்திருக்கிறது. கூட்டங்கள் தத்தம் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டன.

இந்தத் தேதிகளைக் கடிகாரத்தில் வைத்துப் பார்ப்போம். நம் இனம் இந்த நாட்டில் காலடி வைத்து உத்தேசமாக 60,000 ஆண்டு. அதை ஒரு முழு நாளாக வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் வந்து சேர்ந்தோம். விடிந்தது, உச்சிப் பொழுது ஆயிற்று, மாலை மங்கிற்று, இரவுச் சாப்பாடும் முடிந்தது. பத்தேகால் மணி அளவில் பெரிய கலப்பு தொடங்குகிறது. யாரும் யாரையும் மணந்த காலம். பதினொன்றேகால் மணிக்குக் கதவு சாத்தப்படுகிறது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் சட்டம் வரும்போது பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம். நாம் அநாதி என்று சொல்வது முக்கால் மணி நேரத்துச் சமாசாரம்!

சங்கப் பாடல்களின் காலம் என்று அறிஞர்கள் சொல்வது ஏறக்குறைய அந்தக் கதவு சாத்தப்பட்ட காலத்தை ஒட்டியது. அகப்பாடல்களில் காதலர்கள் பலர் முன்பின் தெரியாதவர்களாகவே சந்திக்கிறார்கள். அதைக் கவிஞனின் கற்பனை என்றே நினைத்துவந்தேன். இப்போது, அணைந்துகொண்டிருந்த ஒரு விளக்கின் கடைசி வெளிச்சமோ என்று ஓர் எண்ணம் எழுகிறது. விஞ்ஞானத்தின் முடிபு அன்று இது. கதை எழுதுகிறவனின் மனசு.

"போகட்டும், கதவு சாத்தினால் என்ன? அவரவர் வீட்டுக்குள் அவரவர் சௌக்கியமாக இருந்துவிட்டுப் போகிறார்கள்" என்று கேட்கலாம். அதற்கும் உயிரணு பதில் வைத்திருக்கிறது.

பழைய காலத்துக் கர்ணம் நிலக் கணக்கை இரண்டு பிரதி எழுதி இரண்டு இடத்தில் வைப்பார். ஒன்றில் ஒரு பக்கத்தைக் கரையான் அரித்தாலும் மற்றதைப் பார்த்துக் காரியம் நடக்கும். உயிரணுவும் அப்படியே. அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. ஏதாவது ஒரு பக்கம் அரித்துப்போகாத மனிதன் உலகத்தில் இல்லை. இரண்டு பிரதியிலும் அதே பக்கம் அரித்திருந்தால்தான் குழந்தைக்குத் துன்பம். எப்போதோ சில குடும்பங்களிலிருந்து பெருகி, வெளியே சம்பந்தம் செய்யாமலே வந்த ஒரு கூட்டத்தில், எல்லோரிடமும் இருப்பது அந்தச் சில முன்னோர்களின் பிரதிகளே. ஆகவே ஒரே பக்கத்துக் கரையான் இரு வீட்டிலும் இருப்பது சகஜமாகிறது.

ஆந்திரப் பகுதியில் ஒரு சமூகம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தனக்குள்ளேயே மணம் செய்துவந்திருக்கிறது. அதில் பிறந்தவர்கள் சிலருக்கு, ஆபரேஷனுக்கு முன் தசை தளர்வதற்குக் கொடுக்கும் ஒரு மருந்து உடம்பிலிருந்து இறங்குவதில்லை. மூச்சுத் தசைகளும் நெடுநேரம் செயலற்றுப்போகின்றன. டாக்டர்கள் அதற்காகவே முன்கூட்டி விசாரித்துக்கொள்கிறார்கள். இது ஒரு கூட்டத்தின் குறை மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். 2017-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, தெற்கு ஆசியாவில் 263 கூட்டங்களைப் பார்த்தது. அவற்றில் 81 கூட்டங்கள், பரம்பரை நோய்களுக்குப் பேர்போன ஐரோப்பிய யூதர்களையும் பின்லாந்துக்காரர்களையும்விடக் குறுகிய வாசல் வழியாக வந்தவை என்று கண்டது. லட்சக்கணக்கில் ஜனத்தொகை உள்ள கூட்டங்களும் அவற்றில் உண்டு. ஜனம் பெருகிவிட்டது, மூதாதையர் எண்ணிக்கை பெருகவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தா ஒன்றில் ஒரு தடவை கேட்ட சம்பாஷணை இது. மடியில் நோயுற்ற குழந்தையோடு ஓர் இளம் தம்பதி. டாக்டர் அம்மாள் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"இல்லைங்கம்மா, அசல்தான்" என்றான் கணவன், பெருமையோடு.

அவன் மனைவி மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்: "ஆனா எங்க ஆளுங்கதான்."

டாக்டர் அம்மாள் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். சொந்தத்தில் கல்யாணம் செய்தால் குழந்தைக்கு ஆகாது என்று அந்தப் பையனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவனும் கேட்டு நடந்திருக்கிறான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷமாகச் சாத்தியிருக்கும் கதவுக்குள்ளே எல்லோரும் சொந்தந்தான் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் நோய்க்கு என்ன காரணமோ, நான் அறியேன். ஆனால் அந்தப் பெண் மெதுவாகச் சேர்த்த மூன்று வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை.

நோயிலும் ஒரு பொதுச் சொத்து உண்டு. இதயத் தசைக்கு வேண்டிய ஒரு புரதத்தை எழுதும் இடத்தில், 25 எழுத்துகள் விட்டுப்போன பிரதி ஒன்று நம் நாட்டில் உலவுகிறது. அதைச் சுமப்பவர்களுக்கு, நடு வயதுக்கு மேல் இதயத் தசை நோய் வர வாய்ப்பு அதிகம். மதுரையிலும் ஹைதராபாத்திலும் பிற இடங்களிலும் உழைத்த விஞ்ஞானிகள் 2009-இல் இதைக் கண்டு சொன்னார்கள். இந்தத் துணைக்கண்டத்தில் நூறு பேரில் நால்வர் அதைச் சுமக்கிறார்கள். ஜாதி, மதம், மொழி என்ற எல்லையெல்லாம் அதற்குக் கிடையாது. ஏனென்றால் அந்தப் பிழை நேர்ந்தது ஏறக்குறைய 33,000 ஆண்டுகளுக்கு முன். நம் கடிகாரத்தில் காலை பதினொரு மணிக்குள். அப்போது சுவர் கிடையாது. யாரோ ஒரு மூதாதையின் இதயத்தில் நேர்ந்த பிழை, அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் சமமாகப் பங்கு பிரிந்து வந்திருக்கிறது. பாகப்பிரிவினையில் வழக்குப் போட யாருக்கும் வழியில்லை.

லால்ஜி சிங் 2011 முதல் 2014 வரை, தாம் படித்த காசிப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராக இருந்தார். மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கிக்கொண்டார். 2017 டிசம்பர் 10-ஆம் தேதி காசியில் மாரடைப்பால் காலமானார். பாம்பின் உயிரணுவில் தொடங்கி, ஒரு தேசத்து ஜனங்களின் பூர்வ கதை வரை படித்த கண்கள் அவை.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பதவியை விட்டபின் வடலூருக்குப் போனார். வள்ளலாரின் சன்மார்க்கத்தில் ஈடுபட்டு, அங்கேயே தொண்டு செய்து, 1970-இல் அங்கேயே கண் மூடினார். அவர் மைக்ராஸ்கோப்பைத் தொட்டவர் அல்லர். குரோமோசோம் என்ற சொல்லை உச்சரித்திருப்பாரோ என்னவோ. கதவு சாத்தியிருப்பது தவறு என்று அறிய அவருக்கு உயிரணுவின் சாட்சி தேவைப்படவில்லை. நியாயத்துக்கு விஞ்ஞானம் துணை வரலாம். விஞ்ஞானம் வரும்வரை நியாயம் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக்கே வேறொரு கணக்கு வந்து, அந்த 1,900 ஐ 2,900 ஆக்கினாலும் அவருடைய சட்டத்தில் ஓர் எழுத்தும் தவறாகிவிடாது.

என்றாலும், அவருடைய சட்டம் கோயில் கதவைத்தான் திறந்தது. கல்யாணக் கதவுக்குச் சட்டத்தால் சாவி செய்ய முடியாது. அது வீட்டுக்கு வீடு, தாயும் தகப்பனும் உட்புறமிருந்து திறக்க வேண்டிய கதவு.

வடலூரில், 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில், அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சீழ்த் துணியில் மீஷர் பரம்பரை ஏட்டைக் கண்டதற்கு இரண்டு வருஷம் முந்தி மூட்டிய நெருப்பு அது. பந்தியில் உட்காருகிறவனை, நீ யார், என்ன ஜாதி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இலையில் சாதம் விழுகிறது. பக்கத்து இலைக்காரர் சற்று நகர்ந்து இடம் விடுகிறார்.